விலைச் சூத்திரத்துக்கு உரை எங்கே?

மாதத்தின் கடைசி இரவுக்கு எங்கள் பகுதியில் ஒரு தனிச் சிறப்பு வந்து சேர்ந்திருக்கின்றது. அமாவாசை என்றைக்கு, பூரணை என்றைக்கு என்று நாட்காட்டியைப் புரட்டிவந்த வன்னி மக்கள், 2022ஆம் ஆண்டின் பின்னர் முப்பதாந் திகதியையும் முப்பத்தோராந் திகதியையும் எதிர்பார்த்திருக்கப் பழகிவிட்டனர். அன்றிரவு எரிபொருள் விலை கூடலாம், குறையலாம், இருந்தபடியே இருக்கவுங் கூடும். மூன்றில் எது நிகழும் என்பதை அறிந்தவர் போலப் பேசுவோர் ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் உளர்.

அவர்கள் பேச்சை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. பரந்தனிலும் கிளிநொச்சியிலும் மக்கள் 'பெற்றோல் செட்' என்று வழங்கும் நிரப்பு நிலையங்கள் அந்தப் பேச்சுக்கேற்பவே நடக்கின்றன. கூடும் என்ற கதை எழுந்தால் மாலையிலேயே மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் வீதியோரம் வரையில் நீண்டு நிற்கும். குறையும் என்ற கதை எழுந்தாலோ, நிலையத்தின் வாயிலில் கயிறு கட்டப்படும். "பெற்றோல் இல்லை" என்ற பலகை தொங்கும். நிலையக்காரர் மீது மாத்திரம் குற்றஞ் சொல்வதும் பொருந்தாது. பழைய விலைக்குப் பணங் கட்டி எடுத்த எண்ணெய் நிலக்கீழ்த் தாங்கியில் மிஞ்சியிருக்க, நள்ளிரவில் விலை இறங்கினால் நட்டம் அவருடையது. ஆதலின் மாத முடிவில் அவர் புதிதாய் எடுப்பதைத் தள்ளிப்போடுகின்றார். அந்தத் தள்ளிப்போடுதலின் பயனை அனுபவிப்பவர், அன்று மாலை வற்றிய தாங்கியோடு வந்து நிற்கும் ஓட்டுநர். விலை ஏறினாலும் அவருக்கு இடர், இறங்கினாலும் இடர்.

இந்த மாதாந்த மாற்றத்துக்கு அரசினர் இட்ட பெயர் 'விலைச் சூத்திரம்'. இச்சொல்லை முதன்முதல் பத்திரிகையில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இளமையில் இலக்கணம் பயின்றவன் நான். சூத்திரம் என்றால் என்ன என்பதற்கு நன்னூலார் வகுத்த இலக்கணத்தைப் பண்டித வகுப்பில் நெட்டுருப் பண்ணியவன். சில எழுத்துக்களுள் பல பொருளையும் அடக்கி, கண்ணாடி உருவத்தைக் காட்டுவதுபோல் அப்பொருளைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. நமது விலைச் சூத்திரத்தில் முதற்பாதி உண்டு, சுருக்கத்துக்குக் குறைவில்லை. "பெற்றோல் 20 ரூபாவினால் அதிகரிப்பு" என்பது சுருக்கந்தானே! கண்ணாடியைத்தான் காணவில்லை.

சூத்திரத்தின் வரலாறு சிறியது. 2018 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. மே 10ஆந் திகதி நள்ளிரவில் 92 ஒக்டேன் பெற்றோல் 117 ரூபாவிலிருந்து 137 ரூபாவாகவும், டீசல் 95 ரூபாவிலிருந்து 109 ரூபாவாகவும் ஏறின. மண்ணெண்ணெய் 44 ரூபாவிலிருந்து 101 ரூபாவுக்குத் தாவியது. மக்கள் கூக்குரலிட்டமையால் அடுத்த மாதமே 70 ரூபாவுக்கு இறக்கப்பட்டது. சிங்கப்பூர்ச் சந்தையின் விலை, கப்பற்கூலி, காப்புறுதி, இறக்கிச் சுத்திகரித்து விநியோகிக்கும் செலவு, வரி ஆகிய இவற்றைக் கூட்டி வருவதே விலை என்று அப்பொழுது விளக்கினார்கள். 2019இன் இறுதியில் ஆட்சி மாறிற்று, சூத்திரமும் மூடிவைக்கப்பட்டது.

மூடிவைத்த காலத்தில் நடந்ததை மறத்தலாகாது. 2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் மசகெண்ணெயின் விலை வீழ்ந்த வீழ்ச்சி முன்னொருபோதும் காணாதது. அமெரிக்காவில் ஒருநாள் முன்பேர விலை பூச்சியத்துக்குங் கீழே சென்றது. அப்பொழுதும் நம் நாட்டில் பெற்றோல் 137 ரூபாவிலேயே நின்றது. இறக்குமதித் தீர்வையை உயர்த்தி, வந்த ஆதாயத்தை அரசு தன்பால் வைத்துக்கொண்டது. உலகம் இறங்கியபோது நாம் இறங்கவில்லை. பின்பு உலகம் ஏறியபோது நாமும் ஏறினோம்.

ஏறிய வேகத்தை என்னென்பது! 2021 டிசெம்பரில் 177 ரூபாவாயிருந்த பெற்றோல் 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, யூன் 26இல் 470 என்று ஆறே மாதத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கை எட்டியது. டீசல் 121 ரூபாவிலிருந்து 460 ரூபாவுக்குப் போயிற்று. உக்ரேன் போர் ஒரு காரணம். ஆனால் அதனினும் பெரிய காரணம் நம் ரூபாவின் வீழ்ச்சி. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. சிங்கப்பூரில் விலை அசையாது நின்றிருந்தாலும் பரந்தனில் அது ஏறியே இருக்கும்.

விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்க்கும் அப்பொழுது எண்ணெய் கிடைக்கவில்லை என்பதை நான் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நின்றபடியே உயிர் நீத்த முதியவர்களின் செய்தியைத் தென்னிலங்கையிலிருந்து வந்த பத்திரிகைகளில் படித்தோம். பாடசாலைகள் மூடப்பட்டன. யூலையில் கியூஆர் அட்டை வந்தது. ஓகஸ்ட் முதல் நாடெங்கும் அதுவே சட்டமாயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஓட்டோவுக்கு 5 லீற்றர். இந்தப் பங்கீடு 2023 செப்டெம்பர் முதலாந் திகதி நீக்கப்பட்டது.

இவ்வளவையும் எழுதினேனாயினும் நான் சொல்லவந்தது இவற்றையன்று. 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் எனக்கும் ஓர் ஓட்டோ ஓட்டுநருக்கும் இடையில் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்தையும் அதன் பின் நான் எண்ணியவற்றையுமே சொல்ல விரும்புகின்றேன்.

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிப் பட்டினத்துப் பாடசாலைக்கு எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அறுவரை ஏற்றிச் செல்பவர் அவர். என் தமையனாரின் பேர்த்தியும் அவர்களுள் ஒருத்தி. மாதக் கூலி முன்னரே பேசி முடித்தது. மார்ச் 29ஆந் திகதி இரவு பெற்றோல் ஒரேயடியாக 60 ரூபா குறைந்து 340 ரூபாவாயிற்று என்ற செய்தி வந்தது. மாதம் பிறந்தது, கூலியோ பழைய கூலியாகவே இருந்தது. பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் முறையிட்டனர். ஊரில் வெள்ளை வேட்டி கட்டியவனுக்கு இத்தகைய வழக்குகள் வந்து சேர்வது வழக்கம். நானும் நியாயாதிபதியாகி, படலையடியில் அவரை மறித்துக் கேட்டேன்.

"தம்பி, 60 ரூபா குறைஞ்சு கிடக்கு. கூலியிலை ஒரு சதமும் குறையேல்லையே. இது நீதியோ?"

அவர் ஓட்டோவை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "சேர், போன வருசம் ஏறேக்குள்ளை நீங்கள் ஒருதரும் என்னை மறிச்சுக் கேக்கேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஆசனத்தின் கீழிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் கொடுத்தார். சி.ஆர். கொப்பி, அட்டை கிழிந்து, எண்ணெய் படிந்திருந்தது. திகதி, லீற்றர், விலை, கிடைத்த கூலி, கொடுத்த தவணை என்று கோடு போட்டு எழுதியிருந்தார். இலக்கணப் பிழைகள் இருந்தன. கணக்குப் பிழை ஒன்றேனும் எனக்கு அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் ஒரு தாளில் கணக்கிட்டேன். காலையும் மாலையும் போய்வர நாளொன்றுக்கு 32 கிலோமீற்றர். மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் எனின் 640 கிலோமீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால் 26 லீற்றர் வேண்டும். 177 ரூபா விலையில் அதற்கு 4,602 ரூபா. 470 ரூபா விலையில் 12,220 ரூபா. 340 ரூபா விலையில் 8,840 ரூபா. குறைந்த விலை என்று நாங்கள் கொண்டாடிய விலை, 2021 முடிவில் இருந்த விலையினும் ஏறத்தாழ இரு மடங்கு! பங்கீட்டுக் காலத்தை எடுத்தாலோ, வாரத்துக்கு 5 லீற்றரில் 125 கிலோமீற்றர்தான் ஓடலாம். பிள்ளைகளை ஏற்றியிறக்க வேண்டியது 160. மிச்சத்தைக் கள்ளச் சந்தையில் எந்த விலைக்கு வாங்கினார் என்பதும் கொப்பியிலிருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அந்த ஆறு மாதத்தில் அவர் கூலியைக் கூட்டியது ஒரே ஒரு முறை. மற்ற முறைகளில் விலை ஏறியபோது அந்த ஏற்றத்தை யார் தாங்கினார்? மனைவியின் சங்கிலி தாங்கிற்று. அது அடைவு வைக்கப்பட்டது. ஓட்டோவின் லீசிங் தவணை இரண்டு பிந்தி, அதற்குத் தண்டப்பணமும் ஏறியிருந்தது. டயரும் உதிரிப்பாகங்களும் 360 ரூபா டொலரில் இறங்கியவை. பெற்றோல் குறைந்தமையால் அவை குறையவில்லை.

விலை ஏறினால் கூலி உடனே ஏறும், விலை இறங்கினால் கூலி இறங்காது என்று நம்மவர் சொல்லும் பழியின் உள்ளே இப்படியும் ஒரு கணக்கு உண்டு என்பதை நான் அன்றுதான் கண்டேன். ஏற்றத்தின் போது அவர் கடன்பட்டார். இறக்கத்தின் போது வட்டியோடு அந்தக் கடனைக் கட்டுகின்றார். வெளியே நிற்கும் நமக்கு ஏற்றம் போனவருடத்துச் செய்தி, இறக்கம் இந்த மாதத்துச் செய்தி. அவருக்கு இரண்டும் ஒரே கொப்பியின் அடுத்தடுத்த பக்கங்கள். எல்லா வாகனகாரரும் அவரைப் போன்றவர் என்று சாதிக்க நான் வரவில்லை. இறக்கத்தைக் கண்டும் காணாதவர் போல் இலாபத்தை மடியிற் கட்டிக்கொண்ட லொறி முதலாளிமாரையும் அறிவேன். ஆனால் இன்னாரென்று பிரித்தறிவதற்கு நம் கையில் ஒன்றுமில்லை என்பதே என் குறை.

இங்கேதான் உரையின்மை வந்து தாக்குகின்றது. 2024 ஜனவரி முதலாந் திகதி பெற்றோல் 346 ரூபாவிலிருந்து 366 ரூபாவாகவும் டீசல் 329 ரூபாவிலிருந்து 358 ரூபாவாகவும் ஏறின. காரணம் சிங்கப்பூரன்று, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த எரிபொருளுக்கு அன்றுதொட்டு விதிக்கப்பட்ட 18 வீதப் பெறுமதி சேர் வரி. அவ்வாண்டு செப்டெம்பர் முடிவில் பெற்றோல் 21 ரூபா குறைந்து 311 ரூபாவாகவும், டீசல் 24 ரூபா குறைந்து 283 ரூபாவாகவும் ஆயின. இரண்டு அறிவிப்புகளும் வாக்கிய அமைப்பில் ஒன்றே. எண்ணும் 'அதிகரிப்பு', 'குறைப்பு' என்ற சொல்லுமே வேறு. உலகச் சந்தை எவ்வளவு, நாணயமாற்று எவ்வளவு, வரி எவ்வளவு, முகவரின் தரகு எவ்வளவு என்ற பதவுரை அவ்வறிவிப்பில் இல்லை. அமைச்சர்கள் சில வேளைகளில் அதனை விளக்கியதுண்டு. விளக்க வேண்டும் போல் அவர்களுக்குத் தோன்றியபோது விளக்கினார்கள். மாணவன் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாவிட்டால் கணித ஆசிரியர் புள்ளி இடுவதில்லை.

வழி தெரியாதபடியால் ஓட்டுநர் யார் மேற் சினப்பது என்று அறியாமல், பெற்றோல் அடிக்கும் பையன் மேற் சினக்கின்றார். பிரயாணி ஓட்டுநர் மேற் சினக்கின்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படலையடியில் நின்றேன். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் பிறந்த சினம் வட்டக்கச்சி ஒழுங்கையில் அயலவர் இருவருக்கிடையே வந்து தீர்கின்றது.

வன்னியில் இச்சினத்துக்கு வேறொரு வேரும் உண்டு. எரிபொருள் என்பது எங்களுக்கு விலைப் பொருளாவதற்கு முன்னே தடைப்பொருளாயிருந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் அளவோடுதான். காபுரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் கக்கிய வெண்புகை என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. மற்றவர் எல்லோரும் சைக்கிளில் ஏறினோம். விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிற்றான் போயினர். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்த எரிபொருள் பவுசர்களை வீதியோரம் நின்று பார்த்தவர்களுள் நானும் ஒருவன். அதே பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அப்படி வாழ்ந்த சனத்துக்கு, 2022இல் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அட்டை நீட்டப்பட்டபோது கொழும்பார் கண்ட புதுமை தோன்றவில்லை. பழைய பயம் ஒன்று எழுந்தது. இன்றும் விலை குறைந்த நாளில் வீட்டிலே இரண்டு போத்தல் நிரப்பி வைக்கும் முதியவர்கள் எங்கள் ஊரில் இருக்கின்றார்கள். அபாயம் என்று சொன்னால் கேட்பதில்லை.

ஓட்டோவுக்கு மாதக் கணக்கு. உழவு இயந்திரத்துக்கோ போகக் கணக்கு. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் காலபோக உழவு புரட்டாதி, ஐப்பசியில் தொடங்கும். அறுவடை தையிலிருந்து பங்குனி வரையில் நிகழும். ஏக்கருக்கு இன்ன கூலி என்று உழவுக்காரரும் வயற்காரரும் போகத் தொடக்கத்தில் பேசிக்கொள்வர். விலையின் ஆயுளோ ஒரு மாதம். 2022-23 காலபோகத்தைப் பாருங்கள். ஐப்பசி உழவின்போது டீசல் 400 ரூபாவுக்கு மேல். வெட்டு மெசின் வயலில் இறங்கியபோது 405 ரூபா. 80 ரூபா குறைந்து 325 ரூபாவான இரவு எது? நான் மேலே சொன்ன அதே மார்ச் 29. எங்கள் பக்கத்து நெல்லிற் பெரும்பகுதி அதற்குள் வெட்டி விற்று முடிந்திருந்தது. பத்திரிகைக்கு அது விலை குறைந்த செய்தி. அந்தப் போகத்துக் கமக்காரனுக்கு அதனால் ஒரு போத்தல் டீசலும் மிச்சமில்லை.

முல்லைத்தீவுக் கரையோரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சிறு படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மடங்கு, ஒரே இரவில். கடலுக்குப் போனவன் திரும்பிவரும்போது எத்தனை கிலோ மீனோடு வருவான் என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

பிற நாடுகளில் இத்தொல்லை இல்லையோ என்றால், உண்டு. இந்தியாவில் 2017 யூன் 16 முதல் நாடோறும் விலை மாற்றும் முறை வந்தது. காசுக் கணக்கில் ஏறுவதால் அடி தெரியாது. ஆண்டு முடிவில் உடம்பு நோகும். ஆயினும் 2018இல் கருநாடகத் தேர்தலுக்கு முந்திய 19 நாட்கள் அங்கு விலை அசையவில்லை. சூத்திரத்துக்கும் தேர்தல் தெரியும் போலும்! பிரான்சில் அதே ஆண்டு நவம்பரில் மஞ்சட் சட்டை அணிந்து தெருவை மறித்தவர்களைக் கிளப்பியது எரிபொருள் வரி. பேருந்தும் ரயிலும் அருகிய நாட்டுப்புறத்தார் அவர்களுட் பலர். கார் இல்லாவிடில் வேலைக்குப் போக இயலாதவர்கள். வன்னியின் நிலையும் அதுவே. விசுவமடுவுக்கு உள்ளேயும் துணுக்காய்க்கு அப்பாலும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவனுக்கு ஓட்டோ ஆடம்பரமன்று.

எண்ணெய் விலையைக் கொழும்பு தீர்மானிக்கவில்லை என்பதை நான் அறிவேன். அரசு பழையபடி நட்டத்துக்கு விற்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவ்வாறு விற்றதன் விளைவை 2022இல் அனுபவித்தோம். கேட்பன இரண்டே. மாத முடிவில் விடையோடு வழியையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு நிரப்பு நிலையத்திலும் ஒட்டலாம். ஒரு தாள் போதும். மற்றையது: பேருந்துக் கட்டணத்தைத் திருத்தத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இருக்கின்றது. உழவுக் கூலிக்கும் பிள்ளைகளை ஏற்றும் ஓட்டோக் கூலிக்கும் எங்கள் மாவட்டச் செயலகங்கள் ஒரு வாய்பாடு வெளியிடலாம். பெற்றோல் இவ்வளவாயின் கிலோமீற்றருக்கு இவ்வளவு, டீசல் இவ்வளவாயின் ஏக்கருக்கு இவ்வளவு என்று. ஏறும்போதும் அது பேசும், இறங்கும்போதும் அது பேசும். படலையடியில் நான் பேச வேண்டியிராது.

கொப்பியை மறுநாட் காலை திருப்பிக் கொடுத்தேன். தாய்மாருக்குக் கணக்கைச் சொன்னேன். இருவர் ஏற்றனர், ஒருத்தி ஏற்கவில்லை. ஆவணி வரையில் கூலி அப்படியே இருக்கட்டும், சங்கிலி மீண்டபின் பேசுவோம் என்று முடிவாயிற்று. ஆவணியில் அவராகவே 500 ரூபா குறைத்தார். அந்த மாத முடிவில் விலை மறுபடி ஏறிற்று. நள்ளிரவுச் செய்தியைக் கேட்டுவிட்டுக் காலையில் ஒழுங்கையிற் போய் நின்றேன். ஓட்டோ வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். "என்ன செய்யப் போறீர் தம்பி?" என்று கேட்டேன்.

"கொப்பியிலை எழுதியாச்சு, சேர்" என்றார்.